இரவில் மட்டும் கேட்ட வானொலி



நான் வரலாற்று ஆசிரியர். அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். ஒரு மாணவி எழுந்து, "சார், ராத்திரி ஆனா வெளி மாநில ஸ்டேஷன் எல்லாம் எங்க வீட்டு ரேடியோவுல கேக்குது. பகல்ல ஏன் சார் கேக்கல?" என்றாள்.

"ராத்திரி சத்தம் இருக்காதும்மா, அதான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது தவறான பதில் என்று.

அதே கேள்வி மார்க்கோனியையும் திகைக்க வைத்திருக்கிறது. 1901 டிசம்பர் 12 அன்று கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் விட்டு, அதில் ஏரியல் கம்பியைக் கட்டி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளி ஓசையைக் கேட்டதாக அறிவித்தார். இடையில் சுமார் 3,400 கி.மீ. கடல். பூமி உருண்டை, நேர்கோட்டில் போகும் அலை வானத்துக்கல்லவா போயிருக்க வேண்டும்? கேட்டதற்குச் சாட்சி அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டுமே. பலர் நம்பவில்லை. அது நண்பகல் நேரம் என்பதால் இன்றும் சந்தேகிப்பவர்கள் உண்டு.

மார்க்கோனி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' கப்பலில் கருவியோடு ஏறினார். பகலில் சுமார் 1,100 கி.மீ. தாண்டியதும் சிக்னல் மறைந்தது. இரவிலோ 3,300 கி.மீ. தாண்டியும் வந்தது. காரணம் அவருக்கே புரியவில்லை.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹெவிசைடும் அமெரிக்காவில் பணியாற்றிய கென்னலியும், வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கு ஒன்று அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்றார்கள். (கென்னலி பிறந்தது நம் பம்பாயின் கொலாபாவில்!) 1924-ல் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் நிரூபித்தார், 1947-ல் நோபல் பரிசு பெற்றார்.

விஷயம் இதுதான். பகலில் சூரிய ஒளியால் கீழே இன்னோர் அடுக்கு உருவாகி, மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும். அலை மேலடுக்கு வரை போய்த் திரும்பி, தொலைதூர ஊர்களில் இறங்கும். எஃப்.எம்., டி.வி. அலைகள் பெரும்பாலும் மேலடுக்கையும் துளைத்துப் போய்விடுவதால், கோபுரத்தின் பார்வை எட்டும் தூரமே அவற்றின் எல்லை. கோபுரங்களை மலைமேல் கட்டுவது அதனால்தான்.

அந்த மாணவிக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். இதைப் படித்தால்: அம்மா, அன்று "தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.