தப்பும் பல்கலைக்கழக மேடையும்: டியூக் எலிங்டனை முன்வைத்துச் சில சிந்தனைகள்



திருப்பனந்தாள் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசு நினைவுக்கு வரும். வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றவருக்குக் காசி மடம் வழங்கிய பரிசு அது. புலமையைப் போற்றத் தெரிந்த ஊர் இது. ஆனால் இந்த வட்டாரத்துச் சேரிகளில் தப்படித்தவர்களின் புலமைக்குத் தேர்வும் இருந்ததில்லை, பரிசும் இருந்ததில்லை. ஒரு கலைஞரைப் போற்றுவது என்றால் என்ன, அதை யார் முன்னின்று செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு 1972-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியை இன்று பார்க்கிறோம்.

அது டியூக் எலிங்டனுக்கு எடுக்கப்பட்ட விழா. 1899-இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினக் கலைஞர் அவர். 1930-களில் அமெரிக்காவையே ஆட வைத்த ஸ்விங் எனும் ஜாஸ் வகையின் முன்னோடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தந்தவர். இசைக்கோப்பில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் வாத்தியத்துக்கு எழுதினார்கள். அவர் ஆளுக்கு எழுதினார். கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட்டுக்கும் ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோனுக்கும் அவரவர் மூச்சறிந்து எழுதினார். நமக்கு இது அந்நியமான வித்தை அல்ல. வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சி, எவர் கைக்கு எந்த வேகம் வரும் என்று அறிந்து அடியைப் பிரித்துக் கொடுக்கும் மூத்த கலைஞர் செய்வதும் இசைக்கோப்புதான். அது தாளில் எழுதப்படவில்லை, அவ்வளவே.

1927 முதல் எலிங்டன் குழு நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் வாசித்தது. மேடையில் கறுப்பர், இருக்கைகளில் வெள்ளையர். தென்மாநிலங்களுக்குப் போனால் தங்க விடுதி கிடைக்காது என்பதால் தனி ரயில் பெட்டி அமர்த்திக்கொண்டு அதிலேயே தூங்கினார்கள். ஓசை வேண்டும், ஆள் வேண்டாம் என்கிற இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1963-இல் அமெரிக்க அரசு அவரைக் கலைத் தூதராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. சென்னைக்கும் வந்து வாசித்தார். அவர் பயணத்தில் இருந்த அந்தச் செப்டம்பரில்தான் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் நிறவெறியர் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானார்கள். ஐந்தாண்டு கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, நம்முடைய கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

1965-இல் புலிட்சர் இசை நடுவர்கள் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரப் பரிந்துரைத்தார்கள். வாரியம் மறுத்தது. நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். அந்த விருது வந்து சேர்ந்தது 1999-இல். அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் பின்னணியில்தான் யேல் விழாவுக்குப் பொருள் கிடைக்கிறது. அதை முன்னின்று நடத்தியவர் வில்லி ரஃப். அலபாமாவில் பிறந்த கறுப்பர். பதின்வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து, அங்கே கொம்பு வாத்தியம் கற்று, யேலில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். அவர் எலிங்டனை மட்டும் தனியே அழைத்துப் பொன்னாடை போர்த்தவில்லை. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த யூபி பிளேக், ஸ்விங் காலத்தின் பெரும் இசைக்கோப்பாளரான மேரி லூ வில்லியம்ஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்ல்ஸ் மிங்கஸ் என்று ஒரு மரபையே அழைத்தார். நிகழ்ச்சிக்கு நடுவே வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அரங்கைக் காலி செய்யச் சொன்னது காவல்துறை. மிங்கஸ் வெளியேற மறுத்து, ஆளில்லாத மேடையில் நின்று எலிங்டனின் பாடலை வாசித்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்ற கூட்டத்தோடு எலிங்டனும் அதைக் கேட்டார் என்று வில்லி ரஃப் பதிவு செய்திருக்கிறார். விழாவோடு எலிங்டன் பெயரில் தொடங்கிய திட்டம், பின்னர் கலைஞர்களை நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொண்டுசென்றது. அதே 1972-இல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. பெயரை அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அதை இழிவாக்கியது தோல் அல்ல, கட்டாயம். சாவுச் சேதி சொல்ல வேண்டும், பிணத்தின் முன் அடிக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுக்கக் கூடாது. அதனால்தான் நம்மில் ஒரு சாரார் பறையடிக்க மறுத்தார்கள், எரித்தார்கள். இன்னொரு சாரார் அதையே விடுதலையின் கருவியாக மேடையேற்றினார்கள். இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தி வாதாடுவதில் நமக்கு உடன்பாடில்லை. மறுக்கும் உரிமை உள்ளவன் அடிக்கும்போதுதான் அது கலையாகிறது.

இன்று கல்லூரி விழாக்களில் தப்பாட்டம் ஒலிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பதினைந்து நிமிடம் கைதட்டி, வழிச்செலவு கொடுத்து அனுப்பிவிட்டால் அது இன்னொரு காட்டன் கிளப். அழைப்பிதழில் கலைஞரின் பெயர் உண்டா? ஊதியம் பேசித்தான் அழைத்தீர்களா? பாடம் நடத்த அவருக்கு ஒரு நாற்காலி உண்டா? எழுதப் படிக்கத் தெரியாத ஆசான் சொல்லும் அடிகளை அவர் பெயரிலேயே பதிவு செய்கிறீர்களா?

மாணவ நண்பர்களே, கதவு தானாகத் திறப்பதில்லை. யேலில் அதைத் திறந்தவர், உள்ளே போய்ப் படித்தவர். நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவை வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

ஜெய்பீம்!