சாம்பல் தீவுக்கு நாலு நாள்

லான்சரோட்டேக்கு நாலு நாள் விடுமுறை என்று தேடினால் இணையம் நொடியில் ஒரு பட்டியலை நீட்டிவிடும். முதல் நாள் திமான்ஃபாயா எரிமலைப் பூங்கா. இரண்டாம் நாள் கறுப்புச் சாம்பலில் விளையும் திராட்சை. மூன்றாம் நாள் குகை. நாலாம் நாள் கடற்கரை, வெயில், தூக்கம். நல்ல திட்டம்தான். ஆனால் இந்தப் பட்டியலில் வெயிலைத் தவிர வேறெதுவும் அந்தத் தீவுக்காரர்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை.

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் கிடக்கும் கனாரித் தீவுகளில் ஒன்று அது. ஸ்பெயினுக்குச் சொந்தம். 1730 செப்டம்பர் 1, இரவு ஒன்பது பத்து மணி வாக்கில் அங்கே நிலம் பிளந்தது. யாய்சா ஊர்ப் பாதிரியார் லொரென்சோ குர்பெலோ நடந்ததையெல்லாம் குறித்து வைத்தார். ஊர்கள் நெருப்புக் குழம்பில் மூழ்கின. விஷக்காற்றில் மாடுகள் சுருண்டு விழுந்தன. கரையெங்கும் செத்த மீன்கள். கடைசியில் அவரும் ஊர் சனங்களோடு பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவுக்குக் கிளம்பிவிட்டார். எரிமலையோ 1736 ஏப்ரல் வரை ஓயவில்லை. தீவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மூடிப்போனது. அதுவும் நல்ல விளைநிலம்.

இன்று நாம் அதன் மேல்தான் பஸ்ஸில் சுற்றிப் பார்க்கிறோம். அங்கே குழியில் காய்ந்த செடியைப் போட்டால் தானாகப் பற்றிக்கொள்கிறது. கீழிருந்து வரும் சூட்டிலேயே கோழி சுட்டுத் தருகிறார்கள். நாம் கைதட்டுகிறோம். அந்தக் கறுப்புப் பாறைக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன.

திரும்பி வந்தவர்களும் போகாமல் கிடந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். சாம்பல் கனமாக மூடாத இடங்களில் அடிமண்ணின் ஈரம் காயவில்லை. வருஷத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்கிற தீவில் இது பெரிய சொத்து. லா ஹேரியா பகுதியில் பழைய மண் தட்டுப்படும் வரை சாம்பலைத் தோண்டினார்கள். குழிக்கு ஒரு கொடி நட்டு, காற்றைத் தடுக்கப் பிறை வடிவில் கல்சுவர் வைத்தார்கள். நிலத்தை மூடிய சாம்பலே நிலத்துக்குப் போர்வையானது.

மூன்றாம் நாள் பார்க்கும் ஹாமியோஸ் தெல் ஆகுவா, லாவா ஓடி வெறுமையான குகை. அதை இப்படிப் பார்க்கத் தக்கதாக்கியவர் ஓவியர் செசார் மன்ரிக்கே. 1919இல் அதே தீவில் பிறந்தவர். 1960களில் நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்து, அடுக்குமாடி வேண்டாம், சாலையோர விளம்பரப் பலகை வேண்டாம் என்று மல்லுக்கட்டினார். பெருமளவு ஜெயித்தார். ஆனால் ஹோட்டல்கள் பெருகப் பெருக, கடைசிக் காலத்தில் அதே சுற்றுலாவை எதிர்த்தும் பேச வேண்டியிருந்தது. 1992இல் அந்தத் தீவின் சாலையிலேயே கார் விபத்தில் இறந்தார்.

அவருடைய குகைக்குளத்தில் வெள்ளை நிறத்தில் குட்டிக் குருட்டு நண்டுகள் உண்டு. தண்ணீரில் காசு எறியாதீர்கள். உலோகம் அரித்துக் கலந்தால் அவை சாகும்.

நாலாம் நாள் கடலில் குளித்துவிட்டு அறையில் ஷவரைத் திறப்போம். அதில் வருவதும் கடல் தண்ணீர்தான், உப்பு நீக்கியது. முன்பு மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துப் பிழைத்த தீவு, 1964இல்தான் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வருஷத்தில் வந்துபோகிறவர்கள் சுமார் முப்பது லட்சம். 2024 ஏப்ரல் 20 அன்று கனாரித் தீவுகள் முழுக்க மக்கள் தெருவில் இறங்கி, சுற்றுலாவுக்கு ஒரு எல்லை வேண்டும் என்றார்கள். வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதும் அவர்கள் குறை.

அதற்காகப் போகவே கூடாதா? போகலாம். நாள்களின் வரிசையைக்கூட மாற்ற வேண்டாம். இரண்டாம் நாள் லா ஹேரியாவில் மட்டும் குழியின் விளிம்போடு நின்றுவிடுங்கள். போட்டோவுக்காக உள்ளே இறங்காதீர்கள். அங்கே டிராக்டர் போகாது. நம் கால் பட்டுச் சரிகிற சாம்பலை, தோட்டக்காரர்தான் திரும்பவும் கையால் அள்ளி மேலே போட வேண்டும்.