நீமச்சிலிருந்து நெய்யூர் வரை

நெய்யூர் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மார்பின் மாத்திரை எழுதிக்கொடுத்தால், அதன் பூர்வீகம் மத்தியப் பிரதேசத்துக் கசகசா வயலாக இருக்கலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மதியத்துக்கு மேல் காயைக் கீறிவிட்டு, இரவில் வடிந்து இறுகிய பாலைக் காலையில் வழித்தெடுப்பார்கள். அதில் ஒரு சொட்டுகூட விவசாயிக்கு இல்லை. உரிமம் கொடுத்த மத்தியப் போதைப்பொருள் துறை அவ்வளவையும் எடைபோட்டு வாங்கிக்கொள்ளும். குறித்த அளவு தேறாதவருக்கு மறுவருஷம் உரிமம் கிடைப்பது கஷ்டம். அங்கிருந்து நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளுக்கு.

காஜிப்பூர் ஆலை 1820-லேயே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்குச் சீன வியாபாரம் முக்கியம். 1878 அபின் சட்டத்தின் கவலையும் பெரும்பாலும் சர்க்கார் வருமானம்தான். தின்றவன் என்ன ஆனான் என்று யார் பார்த்தார்கள்? 1930-ல் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது.

மாத்திரைக்குச் சனி பிடித்தது 1985 நவம்பரில், என்.டி.பி.எஸ். எனும் போதைப்பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தோடு. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 வருஷச் சிறை. மார்பின் வாங்க ஆஸ்பத்திரிக்குப் பல துறைகளின் உரிமங்கள் வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். இந்த வம்பு எதற்கு என்று பல ஆஸ்பத்திரிகள் மார்பினையே கைவிட்டன. உலகத்துக்கே அபின் விற்ற நாடு, 1990-களின் பிற்பகுதியில் தன் நோயாளிகளுக்குச் செலவிட்டது வருஷத்துக்குச் சுமார் 18 கிலோ மார்பின். மார்பின் மாத்திரையைக் கையாளாமலே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து வெளியே வந்தார்கள்.

பக்கத்துத் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியபின், 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உட்பட 6 மருந்துகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். அன்றாடம் வரவு, செலவு, இருப்பு எழுத வேண்டும். ஏட்டை 2 வருஷம் காக்க வேண்டும். மாத்திரை அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பாக என்.ஆர்.எக்ஸ். என்ற குறி.

அதே 2014 மார்ச்சில் அல்பிரசோலம், டிரமடால் முதலிய 46 மருந்துகள் மருந்து விதிகளின் எச்-1 பட்டியலுக்கு வந்தன. மெடிக்கல்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனி ஏட்டில் எழுதி 3 வருஷம் வைக்க வேண்டும். அன்றன்றைக்கே எழுதுகிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். டிரமடால் கைமீறிப் போய், 2018-ல் அதையும் என்.டி.பி.எஸ்.ஸுக்குள் தள்ளினார்கள். என்னைக் கேட்டால், ஒழுகியது டிரமடால் பக்கம், பூட்டியது மார்பின் பக்கம்.

மார்பின் இன்னமும் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியைத் தாண்டி அதிகம் நகர்வதில்லை. மூலைக்கு மூலை இருக்கும் மெடிக்கல்களில் அநேகமாகக் கிடைக்காது. அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்தால், அருமனையில் இருக்கும் மகன் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறத்தான் வேண்டும்.