தருமமும் நட்டஈடும்

தருமம் செய்கிறவன் தவறிழைத்தால் அதற்கு யார் பொறுப்பு? ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்கள் பல, நெடுங்காலம் இக்கேள்விக்கு அளித்து வந்த விடை விசித்திரமானது: ஒருவருமில்லை.

1876ஆம் ஆண்டிலே தீர்ப்பான வழக்கொன்றை முதலிற் கவனிப்போம். தொடையெலும்பு முறிந்து பொஸ்ரன் நகரின் மசாச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் இலவச நோயாளியாகச் சேர்ந்த ஒருவர், அங்கு பயின்ற மாணவர் எலும்பைச் சரிவரப் பொருத்தவில்லையென்று நட்டஈடு கோரினார். வைத்தியசாலையின் பணம் கொடையாளர் நம்பி ஒப்படைத்த தருமப் பணம். ஊழியரைத் தெரிவதில் நிருவாகம் தக்க கவனம் செலுத்தியிருந்தாற் போதும். அவ்வூழியரின் கவனயீனத்துக்காக அப்பணத்தில் கைவைத்தலாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஏழைகளின் பணத்தைக் காப்பதற்காக ஏழையொருவர் வெறுங்கையோடு அனுப்பப்பட்டார்.

இத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டது 1861ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பொன்றை. அதன் அடிப்படையையோ பிரபுக்கள் சபை 1866இலேயே, மேர்சி துறைமுக வழக்கில், தகர்த்துவிட்டிருந்தது. 1885இல் மேரிலாந்து நீதிமன்றம், சிறுவர் சீர்திருத்த இல்லமொன்றில் நிகழ்ந்த தாக்குதல் பற்றிய வழக்கைத் தள்ளியபோது துணைக்கழைத்த 1846ஆம் ஆண்டின் எடின்பரோ வழக்கும் அவ்வாறே பிறந்த நாட்டில் மதிப்பிழந்ததாகும். பிரித்தானியாவில் இறந்த கொள்கை அமெரிக்காவில் உயிர்பெற்று உலாவிற்று. இதனை வெறும் சட்ட அறியாமையென்று ஒதுக்கிவிட நாம் தயாராயில்லை. செல்வரின் கொடையை நம்பி வைத்தியசாலையும் அநாதை இல்லமும் நடந்த சமுதாயமது. கொடையாளரின் மனம் கோணாதிருத்தல், காயமுற்றவரின் உரிமையினும் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதே தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்த சிறு வியாபாரிக்கு இச்சலுகை கிடையாது. அவனுடைய வண்டிக்காரன் வழிப்போக்கன்மீது மோதினால், கடையை விற்றாவது அவன் நட்டஈடு கொடுக்கவேண்டும்.

தேவாலயங்கள் காப்புறுதியை அறியாதிருந்தனவோ எனில், அதுவுமில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டடங்களுக்குத் தீக் காப்புறுதி வழங்க 1887இல் தனியொரு நிறுவனமே தோன்றிற்று. விஸ்கொன்சின் மாநிலத்தின் மெரில் என்னும் ஊரில் 1897இல் லூதரன் சபையினர் பரஸ்பரக் காப்புறுதிச் சங்கமொன்றை அமைத்தனர். ஒரு சபையின் ஆலயம் எரிந்தால் ஏனைய சபைகள் தோள்கொடுக்கும் இம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும் சுவருக்கும் கூரைக்கும் கிடைத்த பாதுகாப்பு, அக்கூரையின்கீழ் வழுக்கி விழுந்து கால் முறிந்தவருக்குக் கிடைக்கவில்லை. சட்டம் கேளாத கடனை யார்தான் வலிந்து தீர்ப்பர்?

1942இல் வாஷிங்டனில் இக்கொள்கை பலத்த அடி வாங்கிற்று. ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் வைத்தியசாலையில் மாணவத் தாதியொருவர் கதவை வேகமாகத் தள்ள, மறுபுறம் நின்ற தனிப்பணித் தாதி காயமுற்றார். நீதிபதி வைலி றட்லெஜ் பழைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதிர்த்தார். நட்டஈடு கொடுக்க நேரும் மாநிலங்களில் கொடை வற்றியதற்குச் சான்றில்லை. காப்புறுதியால் தாங்கக்கூடிய சுமையை அடிபட்டவர் தலையில் ஏற்றுவது நியாயமுமில்லை. அக்காலத்தில் வேறு சில மாநிலங்கள் வகுத்திருந்த விதி இன்னும் வேடிக்கையானது. தரும ஸ்தாபனத்திடம் காப்புறுதி இருந்தால், அந்தத் தொகையளவுக்கு மட்டும் நட்டஈடு பெறலாம்! முன்யோசனையோடு தவணைப் பணம் கட்டியவர் பொறுப்பாளியானார், கட்டாதவர் தப்பினார்.

பின்னர் 1957இல் நியூ யோர்க்கின் உயர்நிலை நீதிமன்றம் வைத்தியசாலைகளின் விலக்கை ஒழித்தது. மெரில் அமைந்த அதே விஸ்கொன்சினில், 1963இல் சமய ஸ்தாபனங்களும் அச்சலுகையை இழந்தன. ஆனால் நியூ ஜேர்சியில் நடந்ததோ வேறு: 1958இல் நீதிமன்றம் ஒழித்ததைச் சட்டசபை 1959இன் சட்டத்தால் மீட்டுக் கொடுத்தது. அச்சட்டத்தின்படி தருமத்தின் பயனைப் பெறவந்தவர் வழக்காட முடியாது. சம்பந்தமற்ற அந்நியர் வழக்காடலாம். பிரார்த்தனைக்கு வந்தவரைவிடத் தெருவிற் போனவருக்கு ஆலயம் அதிகம் கடமைப்பட்டது!

காப்புறுதிக் கம்பனிகளை நாம் இங்கு புகழவரவில்லை. 1980களின் நடுப்பகுதியில் அவை தவணைப் பணத்தைத் திடீரென உயர்த்தியபோது குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களும் சிறு தொழில்களும் திண்டாடின; பலவற்றுக்குக் காப்புறுதியே மறுக்கப்பட்டது. ஒரே வகை அபாயமுடையோர் கூடித் தமக்குத் தாமே பொறுப்புக் காப்புறுதி செய்துகொள்ள 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமொன்று வழிவகுத்தது. மெரில் சபையினர் தீக்கு அஞ்சிச் செய்ததை, இவர்கள் வழக்குக்கும் கம்பனிக்கும் அஞ்சிச் செய்யவேண்டியதாயிற்று.

வழக்குத் தொடங்கிய மசாச்சூசெற்ஸில் பழைய விலக்கு 1971இலேதான் சட்டத்தால் நீங்கிற்று. அப்பொழுதும் தருமப் பணியின்போது நேரும் தீங்குக்கு 20,000 டொலரே உச்சவரம்பு எனச் சட்டசபை விதித்தது. வைத்தியத் தவறுகளைப் பொறுத்தவரை 2012இல் அது 100,000 டொலராக உயர்ந்தது.