உடல் நீங்கிய ஒலி

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நம் மரபு இசைக்கருவிகளை வகுத்தது. ஒலி எந்த உடலிலிருந்து பிறக்கிறது என்பதே அப்பகுப்பின் அடிப்படை. 1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான 'ஃபேர்லைட் சி.எம்.ஐ.' என்னும் கணினி இசைக்கருவியை இவற்றுள் எதிலும் அடக்க இயலாது. கேட்ட ஒலியை எண்களாக்கி நினைவில் நிறுத்தி, விசைப்பலகையில் விரும்பிய சுருதியில் திருப்பித் தந்தது அது.

அதை உருவாக்கிய பீட்டர் வோகலும் கிம் ரைரியும் வேறொரு நோக்கத்தோடு தொடங்கியவர்கள். வாத்தியங்களின் ஒலியைக் கணக்கீட்டின் வழியாகவே முழுமையாகக் கட்டியெழுப்ப விரும்பினார்கள், அது கைகூடவில்லை. வானொலியில் கேட்ட பியானோ இசையின் சிறு துணுக்கொன்றை வோகல் பதிந்து, வெவ்வேறு சுருதிகளில் வாசித்துப் பார்த்தார். அவர்கள் கணக்கிட்டுச் சமைத்த ஒலிகளைவிட அது பியானோவுக்கு நெருக்கமாக இருந்தது. குறுக்குவழி என்று அவர்களே எண்ணிய ஒன்று அக்கருவியின் அடையாளமாயிற்று.

முதற்கருவியின் ஆற்றல் மிகச் சிறிது. எட்டுக் குரல்கள், குரல் ஒன்றுக்கு 16 கிலோபைட் நினைவகம், ஏறத்தாழ ஒரு நொடி ஒலியே அதற்குள் அடங்கும். பிரிட்டனில் அதன் விலையோ சுமார் 18,000 பவுண்டு. ஆகவே வசதி படைத்த கலைஞர்களிடமே அது முதலில் சென்றது. வோகல் அதைப் பீட்டர் கேப்ரியலின் வீட்டுக்குக் கொண்டுசென்று காட்டினார். கேப்ரியல் கண்ணாடியை உடைத்தும் செங்கற்களை மோதவிட்டும் தம் மூன்றாம் தொகுப்புக்கு (1980) ஒலி சேகரித்தார்.

கேட் புஷ் அவ்வழியில் இன்னும் நுட்பமாகச் சென்றார். 1980-ல் வெளியான 'ஆர்மி ட்ரீமர்ஸ்' என்னும் பாடல், படையில் மகனை இழந்த தாயின் துயரத்தைச் சொல்வது. அதன் தாளத்தில் துப்பாக்கியை இயக்கும் ஓசை ஃபேர்லைட்டின் வழியே கோக்கப்பட்டிருக்கிறது. மகனைக் கொண்டுபோன ஆயுதமே தாயின் புலம்பலுக்குத் தாளம் போடுகிறது. ஒரு நொடிக்குள் அடங்கிய ஓசை இங்கே பொருள் பொதிந்த சொல்லாகிவிடுகிறது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. கருவியோடு ஆயத்த ஒலிகள் அடங்கிய வட்டுகளும் வந்தன. அவற்றுள் 'ஆர்க்5' என்பது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை' (1910) பாலே இசையின் பதிவொன்றிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றை முழக்கம். 1982-ல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாடலில் அது நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இசைக்குள் நுழைந்தது. பிறகு எண்ணற்ற பாடல்களில் ஒலித்தது. ஒரு முழு இசைக்குழுவின் மூச்சும் வில்வீச்சும் ஒரு விசைக்குள் ஒடுங்கின. அந்த நொடியை வாசித்த கலைஞர்களை நினைத்தவர் எத்தனை பேர்?

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. ஃபில் காலின்ஸ் 1985-ல் வெளியிட்ட தொகுப்பின் உறையில், இதில் ஃபேர்லைட் இல்லை என்று அச்சிட்டார். விலை குறைந்த கருவிகள் வந்ததும் அந்த நிறுவனம் எண்பதுகளின் இறுதியில் நொடித்தது.

ஆனால் ஒலியை உடலிலிருந்து பிரிக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' (1985) பாடலின் முதன்மையான இசைத்தொடர், ஃபேர்லைட்டில் இருந்த ஒரு செலோ ஒலியால் ஆனது. 2022-ல், 37 ஆண்டுகளுக்குப் பின், அப்பாடல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஆயத்த ஒலியிலிருந்தும் பெருங்கலை பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும் அந்தச் செலோவின் நரம்பில் எப்போதோ ஒரு வில் உரசியிருக்கிறது. அதை ஒரு கை பிடித்திருக்கிறது. கருவி ஒலியை நினைவில் வைத்துக்கொண்டது. கையை நினைவில் வைக்கும் பொறுப்பு கேட்கிற நம்முடையது.