‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ – ஒரு கேள்வியின் கதை



மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். நான் வரலாறு படித்தவன் அல்லன். 2006 முதல் 2010 வரை இதே கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவன். ஆனால் நம் சங்கத்தின் சின்ன வரலாறு ஒன்றை என் கையாலேயே அழித்தவன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

2009-இல் நான் மூன்றாம் ஆண்டு மாணவன். சங்க அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதிலிருந்த முகவரிப் பட்டியலைப் பிரதி எடுத்துத் தரும்படி அப்போது பொறுப்பில் இருந்த அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, அதுல பென் டிரைவ் எல்லாம் எடுக்காது. மேஜை டிராயர்ல ஃப்ளாப்பி கிடக்கும், ஒண்ணை எடுத்துக்கப்பா” என்றார். டிராயரில் இரண்டு கிடந்தன. ‘மலர் 1995 – 1’, ‘மலர் 1995 – 2’ என்று பேனாவால் எழுதியிருந்தது. இரண்டாவதைச் செருகினேன். “ஏ டிரைவில் உள்ள டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யட்டுமா?” என்று விண்டோஸ் கேட்டது. அட, வெறும் டிஸ்க்தான், லேபிளை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து ‘யெஸ்’ கொடுத்தேன். ஒன்றரை நிமிடம் ‘டர்ர்... டர்ர்...’ என்று சத்தம். பிறகு முகவரிப் பட்டியல் அழகாக ஏறியது. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தச் சந்திப்புக்காக 1995 மலரைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. நூலகத்துப் பிரதியைக் கரையான் அரித்துவிட்டது. “ஃப்ளாப்பில இருக்கணுமே! டி.டி.பி. கடையில மேக்கிண்டாஷ்ல வச்சுத்தானே பக்கம் போட்டோம்” என்றார் ஒரு மூத்தவர். மேக்கிண்டாஷ் என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கு நான் செருகியது வெறும் டிஸ்க் இல்லை. விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத டிஸ்க்!

கல் நடுவதும் பட்டா எழுதுவதும்

புதிய டிஸ்க் ஒரு பொட்டல் நிலம் மாதிரி. அதை மனை போடுவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அளந்து கல் நடுவது. வட்ட வட்டமாக டிராக்குகள், ஒவ்வொன்றிலும் செக்டார்கள். நமக்குப் பழக்கமான மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 டிராக், பக்கங்கள் 2, டிராக்குக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதை 1024-ஆல் வகுத்தால் 1440. அந்த 1440-ஐ 1000-ஆல் வகுத்து ‘1.44 எம்.பி.’ என்று பெயர் வைத்தார்கள். பாதி இந்தக் கணக்கு, பாதி அந்தக் கணக்கு!

இரண்டாவது வேலை, எந்த மனை எந்த ஃபைலுக்கு என்று பதிவேடு எழுதுவது. அதுதான் ஃபைல் சிஸ்டம். கல் நட்ட முறையே வேறாக இருந்தால் டிரைவாலேயே படிக்க முடியாது. பதிவேடு மட்டும் வேறாக இருந்தால், டிரைவ் ஒவ்வொரு பைட்டையும் படித்துக் கொடுத்துவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத்தான் புரியாது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு அளவுகோல்

1970-களில் 8 அங்குல ஃப்ளாப்பி இருந்த காலத்தில் பெரிய குழப்பம் இல்லை. கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சி.பி/எம். சிஸ்டத்தை ஓட்டிய கம்பெனிகளுக்கு, ஐ.பி.எம். வகுத்த 77 டிராக், 26 செக்டார், 128 பைட் என்ற அளவு பொதுவாக இருந்தது. ஐந்தேகால் அங்குலம் வந்ததும் அந்தப் பொது அளவு போயிற்று. ஆஸ்போர்ன் ஒரு விதம், கேப்ரோ ஒரு விதம் என்று கம்பெனிக்கு ஒரு ஃபார்மேட். ஒரே சி.பி/எம்.தான், ஆனாலும் ஒருவர் டிஸ்க் மற்றவர் கம்ப்யூட்டரில் ஏறாது.

இந்தச் சமயத்தில்தான் ‘ஃபேட்’ வருகிறது. மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் 1977-இல் டிஸ்க் பேசிக்குக்காக எழுதிய முறை இது. ஒரு அட்டவணை, அதில் ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ‘இந்த ஃபைலின் அடுத்த துண்டு எங்கே’ என்று ஒரு எண். சங்கிலி மாதிரி பிடித்துக்கொண்டே போகலாம். 1980-இல் டிம் பேட்டர்சன் தம்முடைய 86-டாஸில் இந்த யோசனையைக் கையாண்டார். அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தபோது 160 கே.பி. ஃப்ளாப்பியில் ஃபேட் குடியேறிவிட்டது.

அது சிறந்த முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து. யாருடைய ஃபைல் என்ற குறிப்பு கிடையாது. நடுவில் கரண்ட் போனால் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் எளிமையானது. ஒரு மாணவன் சில நாட்களில் புரிந்துகொண்டு, அதைப் படிக்கும் புரோகிராமை எழுதிவிடலாம். அதோடு பி.சி.யும் எங்கே பார்த்தாலும் இருந்தது.

சின்னவர் கற்ற மொழி

ஆப்பிளின் மேக்கிண்டாஷ் 1984-இல் 400 கே.பி. டிஸ்க்கோடு வந்தது. 1986-இல் அது 800 ஆயிற்று. இதில் கல் நடும் முறையே வேறு. வெளி டிராக்கில் தலை நிற்கும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றும். உள்ளே வர வர வேகம் கூடும். பி.சி. டிரைவோ ஒரே வேகத்தில் நிமிடத்துக்கு 300 சுற்று. ஆகவே பி.சி.யில் என்ன சாஃப்ட்வேர் போட்டாலும் அந்தச் சாதாரண டிரைவில் மேக் 800 டிஸ்க் படிக்காது.

1988-இல் ஆப்பிள் ‘சூப்பர் டிரைவ்’ கொண்டுவந்தது. அது பி.சி.யின் 1.44 எம்.பி. முறையிலும் எழுதும், படிக்கும். 1994-இல் வந்த சிஸ்டம் 7.5-இல் பி.சி. டிஸ்க்கைச் செருகினால், மேக் டிஸ்க் மாதிரியே திரையில் தோன்றும். அமீகா கம்ப்யூட்டர் தன் தனி 880 கே.பி. முறையை வைத்துக்கொண்டே, 1992-இல் டாஸ் டிஸ்க் படிக்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. அட்டாரி எஸ்.டி. 1985-லேயே ஃபேட் முறையை எடுத்துக்கொண்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் முதலில் மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஓடியது. 1993-இல் ‘எக்ஸ்ட் 2’ வந்தது. ஆனாலும் அந்த ஆரம்ப நாட்களிலேயே டாஸ் ஃப்ளாப்பியைப் படிக்கும் ‘எம்டூல்ஸ்’ லினக்ஸ்காரர்கள் கையில் இருந்தது.

கவனித்தீர்களா? சின்னவர்கள் எல்லாரும் பெரியவரின் மொழியைக் கற்றுக்கொண்டார்கள். கற்காவிட்டால் பிழைப்பு ஓடாது. பெரியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேக் டிஸ்க்கையோ லினக்ஸ் டிஸ்க்கையோ படிக்கும் வசதியை விண்டோஸில் அன்று வைக்கவே இல்லை. புரியாததைப் பார்த்து ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. ‘ஃபார்மேட் செய்யப்படவில்லை’ என்று சொல்லிற்று.

1995-க்கு முன்பே 1.44 டிஸ்க் பரவிவிட்டது. நம் மலர் இருந்ததும் 1.44 டிஸ்க்தான். அதாவது கல் நட்ட முறை ஒன்றுதான். பதிவேடு மட்டும் ‘ஹெச்.எஃப்.எஸ்.’ என்ற ஆப்பிள் முறை. அன்று அந்த டிரைவ் எல்லாப் பைட்டையும் படித்திருக்கும். டிஸ்க்கின் 1024-ஆவது பைட்டில் ‘பி’, ‘டி’ என்று இரண்டு எழுத்துகள் ஹெச்.எஃப்.எஸ்.ஸின் அடையாளமாக நிற்கும். விண்டோஸ் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து லேபில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் ஒரே கட்டளையில் திறந்திருக்கும்! லினக்ஸில் அந்த வசதி 1990-களின் பிற்பகுதியிலிருந்தே உண்டு. ‘க்விக் ஃபார்மேட்’ கொடுத்திருந்தாலாவது பதிவேடுதான் போயிருக்கும், சரக்கு மிஞ்சியிருக்கும். நான் கொடுத்தது முழு ஃபார்மேட். 80 டிராக்கும் இரண்டு பக்கமும் புதிதாக எழுதப்பட்டுவிட்டன. இனி எடுக்க வழியில்லை.

பென் டிரைவ் காலத்துக்கு

“இதெல்லாம் பழங்கதை அண்ணா” என்று மாணவத் தம்பிகள் நினைக்க வேண்டாம். உங்கள் பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏற மறுத்தால், அது 1996-இல் வந்த ஃபேட்32-இன் வேலை. ஃபைலின் அளவை எழுத அதில் 32 பிட் இடம்தான் உண்டு. 1995-இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களைத் தந்தபோது, பழைய டாஸ் கண்டுகொள்ளாத ஒரு பொய்ப் பதிவில், பதிவுக்கு 13 எழுத்தாக அவற்றை ஒளித்து வைத்தார்கள். அந்தத் தந்திரத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். 2009 பிப்ரவரியில் டாம்டாம் கம்பெனி மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில் அதுவும் ஒரு விஷயம். அடுத்த மாதமே சமரசம் ஆனது. எல்லாரும் பேசும் மொழிக்கும் சொந்தக்காரர் இருக்கலாம் என்று அன்று பலருக்குப் புரிந்தது.

பிறகு காற்று கொஞ்சம் மாறியது. 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட்டின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்டு, லினக்ஸில் சேர்க்க ஆதரவும் தந்தது. 1993-இலிருந்து இருக்கும் என்.டி.எஃப்.எஸ்.ஸை, வெளியிலிருந்தே ஆராய்ந்து ஆராய்ந்து லினக்ஸ்காரர்கள் படித்துவிட்டார்கள். எழுதவும் செய்யும் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி 2007-இல் வந்தது. இப்போது விண்டோஸ் 11-இல், அதற்குள் ஓடும் லினக்ஸ் வழியாக, எக்ஸ்ட் 4 டிஸ்க்கையும் படிக்கலாம். பெரியவரும் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார்.

நமக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. 1998-இல் ஆப்பிள் தந்த ‘ஹெச்.எஃப்.எஸ். பிளஸ்’ ஃபைல் பெயர்களில் உள்ள ‘கொ’வை ஒரே கொம்புக் குறியாக வைக்காமல், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்தே எழுதி வைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். ‘கொடைக்கானல்’ என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பேய் வேலை என்று பயப்படாதீர்கள்!

முதல் டிஸ்க்

‘மலர் 1995 – 1’ அதே டிராயரில்தான் இருந்தது. யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். முதல் வேலையாக டிஸ்க்கின் மூலையில் உள்ள எழுத்துத் தடையைத் திறந்து வைத்தேன். விண்டோஸ் பக்கமே போகவில்லை. லினக்ஸில் முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியைத்தான் திறந்தேன்.

அதிலும் ஒரு கண்ணி இருந்தது. பழைய மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பாகங்கள். எழுத்துருக்களின் சரக்கு முழுவதும் இரண்டாவது பாகத்தில் இருக்கும். சாதாரணமாகப் பிரதி எடுத்தால் முதல் பாகம்தான் வரும். எழுத்துரு ‘0 பைட்’ என்று காட்டும். அதற்கென உள்ள ‘மேக்பைனரி’ முறையில் எடுத்தபோது இரண்டு பாகமும் வந்தன. யூனிகோடுக்கு முந்தைய அந்தத் தமிழ் எழுத்துரு கையில் கிடைத்ததால், எந்த எண் எந்த எழுத்து என்று பட்டியல் போட்டு, இரண்டு வாரத்தில் கட்டுரைகளை இன்றைய தமிழுக்கு மாற்ற முடிந்தது. அவற்றில் இரண்டை இந்த மலரிலேயே மறுபடி அச்சிட்டிருக்கிறோம்.

பொருளடக்கமும் முதல் டிஸ்க்கில் இருந்தது. அதன்படி இரண்டாம் பாகத்தில் பதினொரு கட்டுரைகள். மறைந்துபோன நம் ஆசிரியர்கள் மூவர் எழுதியவையும் அவற்றில் உண்டு. தலைப்புகள்தான் இருக்கின்றன. கட்டுரைகள் நான் ‘யெஸ்’ அழுத்திய டிஸ்க்கில் இருந்தன.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று மாணவர்களுக்கு: கம்ப்யூட்டர் ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்டால் முதலில் ‘நோ’ சொல்லுங்கள். அது யாருடையது, எந்த சிஸ்டத்தில் எழுதியது என்று விசாரியுங்கள். பிறகு செய்துகொள்ளலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மற்றது மூத்தோர்களுக்கு: 1995 மலரின் அச்சுப் பிரதி உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ இருந்தால், தயவுசெய்து சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு வாரத்தில் ஸ்கேன் செய்து பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு. பழைய ஃப்ளாப்பிகள் இருந்தாலும் கொண்டுவாருங்கள். மேக் 800 ஆனாலும் கவலையில்லை. காந்தத் துடிப்பையே அப்படியே பதிவு செய்து, பிறகு நிதானமாகப் பிரித்துப் படிக்கும் கருவிகள் இப்போது உண்டு.

டிராயரை மட்டும் என்னிடம் விடாதீர்கள் என்று அண்ணன் கிண்டல் செய்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்!