பிளவுக் குழு (ஸ்ப்ளிண்டர் குரூப்)

ஒரு கட்சியிலிருந்தோ இயக்கத்திலிருந்தோ, கொள்கை வேறுபாட்டாலோ தலைமைப் போட்டியாலோ கூட்டமாக வெளியேறித் தனியே இயங்கும் பிரிவை ஆங்கில அரசியல் வழக்கில் ஸ்ப்ளிண்டர் குரூப் என்பர். தமிழ் ஏடுகள் பிளவுக் குழு, பிரிந்த அணி என்று எழுதுகின்றன. பேச்சில் அணி, கோஷ்டி, போட்டிக் கட்சி என்பவையே வழக்கு. பிரிந்தவர்கள் விட்டுவந்த இடம் தாய்க் கட்சி. திராவிட இயக்கத்தில் தாய்க் கழகம். தனி ஒருவர் கட்சி மாறினால் அது கட்சித் தாவலே தவிர பிளவு ஆகாது. புதுச்சேரியில் எம்.ஓ.எச். ஃபரூக் 1967-ல் காங்கிரஸ் முதலமைச்சர், 1969-ல் தி.மு.க. முதலமைச்சர், 1985-ல் மீண்டும் காங்கிரஸ் முதலமைச்சர். கட்சிகள் மாறியபோதும் அவர் பிளவுக் குழுத் தலைவராக அறியப்படவில்லை.

இந்தியாவில் இச்சொல்லுக்குச் சட்டத் தகுதியும் உண்டு. 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தி, அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று உடைந்து இரு தரப்பும் தாமே உண்மையான கட்சி என்று வழக்காடும்போது முடிவு செய்யும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்திடம் தருகிறது. அந்தப் பத்தியிலேயே ஸ்ப்ளிண்டர் குரூப் என்ற சொல் இருக்கிறது. மறு ஆண்டே அதற்கு வேலை வந்தது. 1969 நவம்பரில் காங்கிரஸ் பிளந்தது. கட்சி அமைப்பிலும் சட்டமன்ற, நாடாளுமன்றங்களிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்த்து இந்திரா காந்தி தரப்பையே காங்கிரஸ் என ஆணையம் ஏற்றது. சாதிக் அலி வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை உறுதி செய்தது. ஆக, யார் முதலில் வெளியேறினார் என்பதைச் சட்டம் பெரிதாகக் கேட்பதில்லை. யாரிடம் ஆள் அதிகம் என்றுதான் கேட்கிறது. டெல்லிக் கணக்கில் பிளவுக் குழுவாகிவிட்ட மறுதரப்பான ஸ்தாபன காங்கிரஸ், காமராஜர் இருந்ததால் தமிழ்நாட்டில் தொண்டர் பலமுள்ள காங்கிரஸாகவே நின்றது. ஒரே அமைப்பு ஓரிடத்தில் கிளை, வேறோரிடத்தில் அடிமரம்.

புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூர் போன்ற ஊர்களில் இந்தச் சட்ட நுணுக்கம் எல்லாம் சின்னத்தில் வந்து முடிகிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் வயதான பெண்கள் முதலில் விசாரிப்பது வேட்பாளர் பெயரை அல்ல, என்ன சின்னம் என்பதைத்தான். சின்னம் முடக்கப்பட்டால் சுண்ணாம்பு அடித்து எழுதிய சுவரை அழித்துப் புதிதாக வரைய வேண்டும். அதைவிடக் கடினம், பல தேர்தல்களில் பழகிய கையை வேறு படத்துக்குத் திருப்புவது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1989 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் ஜெ. அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. கட்சியின் பழைய சின்னமான இரட்டை இலை யாருக்கும் இல்லை. இரண்டும் தோற்று, அடுத்த மாதமே ஒன்றான பிறகுதான் இலை திரும்பியது. 2017-லும் அதே சின்னம் முடங்கி, அணிகள் இணைந்தபின் மீண்டது.

அந்த அ.தி.மு.க.வே ஒரு பிளவில் பிறந்தது. அதன் தொடக்க வரலாற்றில் காரைக்காலுக்குத் தனி இடம் உண்டு. தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 17-இல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். ஒன்றரை ஆண்டுக்குள், 1974 மார்ச் 6-இல், அக்கட்சியின் முதல் அமைச்சரவை பதவியேற்றது சென்னையில் அல்ல, புதுச்சேரியில். முதலமைச்சர் காரைக்காலைச் சேர்ந்த எஸ். ராமசாமி. பெரும்பான்மை இல்லாமல் மூன்று வாரங்களில் அது கவிழ்ந்தது. 1977-இல் அவர் மீண்டும் முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். கோட்டைக்குப் போனதும் அந்த 1977-இல்தான். அ.தி.மு.க. வரலாறு எழுதுவோர் பலர் திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து நேரே 1977-க்குத் தாவிவிடுகிறார்கள். காரைக்காலுக்கு உரிய இடத்தை அதில் கொடுத்தாக வேண்டும்.

புதுச்சேரியில் பிளவுக் குழுக்கள் இவ்வளவு செல்வாக்குப் பெறக் காரணம் சபையின் அளவு. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30 பேர். காரைக்கால் பகுதிக்கு முன்பு 6 தொகுதிகள், மறுவரையறைக்குப் பின் 5. நான்கு பேர் எழுந்தால் ஆட்சி ஆடும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி போகாது என்று விலக்களித்தது. பெரிய மாநிலத்தில் அதற்கு ஒரு படையே வேண்டும். இங்கே ஐந்து பேர் போதும். 2003-இல் 91-ஆவது திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. அதன்பின் பிளவு வேறு வழி தேடிக்கொண்டது: பதவி விலகல். 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் அடுத்தடுத்து விலகியதால்தான் நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்தது.

காங்கிரஸிலிருந்து பிரிந்த கட்சிகளே இங்கு அதிகம். ஸ்தாபன காங்கிரஸில் இருந்து 1976-இல் இந்திரா காங்கிரஸுக்கு வந்த ஜி.கே. மூப்பனார், 1996-இல் தானே பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். புதுச்சேரியில் அக்கட்சியோடு சேர்ந்தே தி.மு.க.வின் ஆர்.வி. ஜானகிராமன் ஆட்சி அமைத்தார்; 2000-இல் அந்த ஆதரவு போனதும் ஆட்சியும் போயிற்று. ப. கண்ணன் 2001-இல் புதுச்சேரி மக்கள் காங்கிரஸையும், 2005-இல் புதுச்சேரி முன்னேற்றக் காங்கிரஸையும் தொடங்கினார். இரண்டும் காங்கிரஸில் கரைந்தன. திரும்பிப் போக வழி இருக்கும்வரை பிளவை ஒரு பேரமாகவே நடத்துவது இத்தகைய குழுக்களின் பொது இயல்பு. தொண்டனுக்கு இதில் நேரும் இழப்பைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைவர் திரும்பும்போது அவருக்குப் பொன்னாடை. அவருக்காக ஊரில் உறவைப் பகைத்தவனுக்கு அந்தப் பகை மட்டும் மிச்சம்.

திரும்பாமல் நின்றது என். ரங்கசாமியின் கட்சி. 2008-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்த அவர், 2011 பிப்ரவரியில் அகில இந்திய என்.ஆர். காங்கிரஸைத் தொடங்கினார். என்.ஆர். என்பதற்குக் கட்சி தரும் விரிவு ‘நமது ராஜ்ஜியம்’. மூன்றே மாதத்தில் ஜக்கு சின்னத்தில் 15 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தது. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 7. 2021-இல் அது 10 இடங்களை வென்றது, காங்கிரஸ் 2. இன்னும் அதைப் பிளவுக் குழு என்று எழுதுவது பிழை. அது தனிக் கட்சி.